ஹாரிசன்பர்க்கில் ஒரு வினைக்கணக்கு

2022 நவம்பர் 26 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஹாரிசன்பர்க் நகரில், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி கோஸ்டல் கரோலைனாவை 47–7 என்று நொறுக்கியது. சன் பெல்ட் கூட்டமைப்பின் கிழக்குப் பிரிவில் இரண்டு அணிகளுக்கும் ஆறு வெற்றி, இரண்டு தோல்வி. கணக்கு சமமாக நின்றால் நேருக்கு நேர் மோதியதில் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பது பல விளையாட்டுகளில் வழக்கம். இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. ஒரு வாரம் கழித்து டிராய் அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் களமிறங்கியது 40 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற கோஸ்டல் கரோலைனாதான். வென்றவர்களுக்கு அன்றோடு ஆண்டு முடிந்துவிட்டது. முடிந்துவிடும் என்பது முதல் ஆட்டத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். நம் ஊர்க் கால்பந்து அல்ல. அதன் முதல் பிரிவுக்குள்ளேயே இரண்டு தட்டுகள் உண்டு. கீழே எஃப்.சி.எஸ்.; மேலே எஃப்.பி.எஸ். அந்த ஆண்டின் விதிப்படி கீழே 63 பேருக்குரிய உதவித்தொகையும் மேலே 85 பேருக்குரியதும் கொடுக்கலாம். தொலைக்காட்சிப் பணமும் பேரும் மேலேதான். 2004இலும் 2016இலும் கீழ்த்தட்டின் தேசியப் பட்டத்தை வென்ற ஜேம்ஸ் மேடிசன், 2022இல் மேலே ஏறியது. அப்படி ஏறும் அணி இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் விதி. பருவம் முழுவதும் ஆடலாம், ஜெயிக்கலாம்; ஆனால் கூட்டமைப்பின் இறுதியாட்டமும் இல்லை, ஆண்டு முடிவில் ஆறு வெற்றி பெற்ற அணிகளுக்குக் கிடைக்கும் ‘பௌல்’ ஆட்டமும் இல்லை. வினை உண்டு, பலன் இல்லை என்று அச்சிட்டுக் கொடுத்த விதி. மெய்யியல் வகுப்பில் கற்பனையாகச் சொல்ல வேண்டிய ஒரு நிலையை ஒரு விளையாட்டுச் சங்கம் நிஜமாகவே அமைத்துக் கொடுத்திருக்கிறது; அதைச் சும்மா விடுவது நியாயமில்லை.

பலன் இல்லாத வேலையில் ஊக்கம் வடியும் என்பது பொது நம்பிக்கை. 2022இன் ஜேம்ஸ் மேடிசன் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. செப்டம்பரில் அப்பலாச்சியன் ஸ்டேட்டின் சொந்த மண்ணில் 3–28 என்று பின்தங்கியிருந்தார்கள். எதிரணி சாதாரணமானதல்ல, அதற்கு முந்தைய வாரங்களில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை அதன் மைதானத்திலேயே வீழ்த்திவிட்டு, டிராயைக் கடைசி நொடி நீள்வீச்சில் மடக்கிய அணி. அங்கிருந்து 32–28 என்று வென்றார்கள். ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி. அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் 25ஆவது இடம். பிறகு ஜார்ஜியா சதர்ன், மார்ஷல், லூயிவில் என்று வரிசையாக மூன்று தோல்வி. வடிவதாக இருந்தால் ஊக்கம் இங்கேதான் வடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் காப்பாற்ற ஒன்றுமே மிச்சமில்லை. மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களையும் வென்று 8–3 என்று முடித்தார்கள்.

இதைப் பார்த்ததும் நம்மில் பலருக்குப் பகவத் கீதை நினைவுக்கு வரும். பலனில் பற்று வைக்காமல் வினையைச் செய்வதன் உயர்வுக்கு இதைவிட எடுப்பான உதாரணம் வேண்டுமா என்று தோன்றும். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. ஏகாதசி விரதம் இருப்பவனும் அன்றைக்குச் சோறு கிடைக்காதவனும் வெறும் வயிற்றோடுதான் படுக்கிறார்கள். ஒருவன் செய்தது துறவு, மற்றவனுக்கு நேர்ந்தது பட்டினி. கீதை பேசுவது பலன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதன்மீதுள்ள பிடியைத் தளர்த்தும் மனத்தைப் பற்றி. அர்ச்சுனனுக்கு ராஜ்யம் கிடைக்காது என்று யாரும் விதி போட்டிருக்கவில்லை. ஹாரிசன்பர்க்கில் ஆடியவர்களிடமிருந்து பலனை எடுத்துக்கொண்டது வேறொருவர். எடுத்துக்கொண்டவரே பற்றற்ற வினையின் மேன்மையை எடுத்துச் சொன்னால் அது உபதேசம் ஆகாது. கணக்கைத் தீர்க்காமல் தட்டிக் கழிப்பதாகத்தான் ஆகும்.

அவர்கள் பலனே இல்லாமலா ஆடினார்கள், தொழில்முறை அணிகளின் கண்ணில் படலாம், ஒவ்வொரு வெற்றியும் தன்னளவில் ஒரு பலன்தானே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆட்டத்துக்குள் இருக்கும் நோக்கம் வேறு, ஆட்டம் முடிந்தபின் வந்து சேரும் பரிசு வேறு. முன்னது இருந்தாலே மனிதன் முழு மூச்சோடு ஆடுவான் என்பதைத்தான் அந்தப் பருவம் காட்டியது. ஆனால், பரிசு இல்லாமலும் ஒருவன் நன்றாக ஆடுவான் என்பது அவனுக்குப் பரிசைக் கொடுக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. குறைந்த கூலிக்கும் ஒழுங்காக வேலை பார்க்கிறவனின் ஒழுங்கைக் காட்டியே கூலியைக் குறைத்து வைப்பது உலகத்தில் புதிய தந்திரமா என்ன?

ஆகவே ஊக்கத்தைப் பற்றிய கேள்வியைவிட அடியில் கிடக்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பருவம் யாருடைய வினை? மேல்தட்டுக்கு ஏறுவது என்று தீர்மானித்தது பல்கலைக்கழகம். அதற்கான காத்திருப்பைக் கழித்தது மாணவர்கள். இந்தியத் தர்க்க மரபில் வினைக்கொள்கையைச் சோதிக்கும் இரண்டு உரைகற்கள் உண்டு: ஒருவன் செய்த வினை அவனுக்குப் பலன் தராமல் அழிவது ஒரு குற்றம், செய்யாத வினையின் பலன் ஒருவன் தலையில் வந்து விழுவது இன்னொரு குற்றம். எந்தக் கொள்கையை ஏற்றால் இவ்விரண்டும் நேருமோ அந்தக் கொள்கையைத் தள்ள வேண்டும் என்பது முறை. இந்த விதியை அந்தக் கல்லில் உரசிப் பார்த்தால் இரண்டு குற்றமும் ஒரே நேரத்தில் தெரிகிறது. எட்டு ஆட்டங்களை வென்ற மாணவனின் வினை பலன் தராமல் அழிகிறது. அவன் எடுக்காத தீர்மானத்தின் விளைவு அவனிடம் வந்து சேருகிறது. பல்கலைக்கழகம் 1908இலிருந்து இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு ஒரு பொருட்டல்ல. ஐந்தாம், ஆறாம் ஆண்டில் ஆடும் ஒருவனுக்கு அந்த இரண்டு ஆண்டுக்கு அப்பால் எதுவுமில்லை.

இதைவிட அப்பட்டமான உதாரணம் அதற்கு முந்தைய ஆண்டே நடந்தது. கால்பந்துக்காகப் பல்கலைக்கழகம் வெளியேறப் போகிறது என்று தெரிந்ததும், பழைய கூட்டமைப்பான சி.ஏ.ஏ., தன் பழைய விதி ஒன்றைக் காட்டி, ஜேம்ஸ் மேடிசனின் பிற விளையாட்டு அணிகளைத் தன் சாம்பியன்ஷிப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அவர்களில் சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் இருந்தார்கள். 2021இல் தேசிய அளவில் அரையிறுதிச் சுற்றுவரை போய் ஊரையே திரும்பிப் பார்க்கவைத்த அணி அது. கால்பந்து அணி எந்தத் தட்டில் ஆட வேண்டும் என்று அந்தப் பெண்களை யார் கேட்டார்கள்?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று, வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொல்லும் மீமாம்சையிலிருந்தே வரும். யாகத்தில் நெய் வார்ப்பதும் மந்திரம் சொல்வதும் ரித்விக்குகள் என்னும் புரோகிதர்கள். பலன் போய்ச் சேர்வதோ சங்கல்பம் செய்துகொண்ட யஜமானனுக்கு. மீமாம்சையின் முதல்வரான ஜைமினியின் வழிவந்தவர்கள் இதைக் குற்றமாக நினைக்கவில்லை. தட்சிணை கொடுத்து அவர்களுடைய செயலை யஜமானன் தனதாக்கிக்கொள்கிறான்; எனவே செய்தவன் ஒருவன், துய்ப்பவன் ஒருவன் என்ற சிக்கலே இல்லை என்பார்கள். அப்படியானால் பல்கலைக்கழகம் யஜமானன், வீரர்கள் ரித்விக்குகள், உதவித்தொகை தட்சிணை. முறையீட்டுக்கு எங்கே இடம்? கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் யாகத்தின் ஏற்பாட்டில் யஜமானனுக்குப் பலன் மட்டும் போவதில்லை. செலவும் விரதமும் பலன் தாமதமானால் வரும் ஏக்கமும் அவனுக்கே. சொர்க்கம் இரண்டு ஆண்டு தள்ளிப்போனால் ரித்விக்குக்கு நட்டமில்லை, அவன் தட்சிணையை வாங்கிக்கொண்டு அடுத்த வேள்விக்குப் போவான். இங்கே தள்ளிவைக்கப்பட்டது வீரனுக்குரிய ஆட்டம். யஜமானனின் வாயிதாவை ரித்விக் கட்டுகிறான். இப்படியொரு யாகத்தை எந்த மீமாம்சகரும் ஒப்பமாட்டார்.

பௌத்தர் இன்னும் நுட்பமாக வருவார். ‘அணி’ என்று நீங்கள் சொல்வது ஒரு தொடர்ச்சி, அதில் நிலையான ஆள் யாருமில்லை. ஆள் மாறினாலும் ஓட்டம் அறுபடவில்லை என்றால் வினையும் பலனும் அந்த ஓட்டத்துக்குள்ளேயே ஈடாகிவிடும் என்பார். மிலிந்த மன்னன் கேட்ட கேள்விகளுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொல்லும் மாங்காய்த் திருடன் கதை இந்த வகைதான்: நான் பறித்த காய் நீ நட்ட காயல்ல என்று வாதாடும் திருடன் தப்ப முடியாது, ஏனென்றால் பறித்தது நட்டதிலிருந்து வந்தது. ஜேம்ஸ் மேடிசனின் பின்கதையும் பௌத்தருக்குத் துணை நிற்கிறது. 2022இல் விதைத்தது வீண்போகவில்லை. 2025இல் அதே பல்கலைக்கழகம் சன் பெல்ட் பட்டத்தை வென்று பன்னிரண்டு அணிகள் ஆடும் தேசிய பிளேஆஃப்புக்கே போனது. இந்தத் தொடர்ச்சி வாதத்தைத் தமிழில் நீலகேசியும் சிவஞான சித்தியாரின் பரபக்கமும் விடாமல் தாக்கியிருக்கின்றன. அந்தச் சண்டையில் முழுதாக ஒரு பக்கம் சாய நான் தயாரில்லை. மாங்காய்க் கதையை ஒப்புக்கொண்டேகூட விடை சொல்லலாம். அது திருடனுக்குத் தண்டனை கொடுக்க உதவுகிறது. நட்டவனுக்குப் பழம் கிடைத்ததா என்று அது கேட்கவே இல்லை. ஒரு மனித வாழ்வின் முன்னும் பின்னும் உள்ள கணங்களை நினைவும் உடலும் கட்டிவைத்திருக்கின்றன. 2022இல் பந்தைப் பிடித்தவனையும் 2025இல் பிடித்தவனையும் கட்டிவைத்திருப்பது ஊதா நிறச் சட்டை. பட்டம் வந்தபோது முன்னவனும் பெருமைப்பட்டிருப்பான், பெருமைப்படலாம். அவன் ஆடாத ஆட்டம் அப்போதும் ஆடாத ஆட்டம்தான்.

தெரிந்துதானே வந்தார்கள் என்ற வாதத்தை அத்தனை எளிதாகத் தள்ள முடியாது. அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் டாட் சென்டேயோ, டெம்பிளிலும் கொலராடோ ஸ்டேட்டிலும் ஆடிவிட்டு, பௌல் ஆட்டம் கிடையாது என்று தெரிந்த பிறகே தன் ஆறாவது, கடைசி ஆண்டுக்காக இங்கே வந்தார். அவர் விஷயத்தில் துறவு என்ற சொல்லுக்கு ஓரளவு இடம் உண்டு என்றே நினைக்கிறேன். முன்னால் இருந்ததை அறிந்து, விட்டுக்கொடுத்து, வந்தார். ஆனால் மூன்று நான்கு ஆண்டுக்கு முன்பே சேர்ந்தவர்கள் இந்தப் பேரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளட்டும் என்பது, படிப்பையும் நண்பர்களையும் கற்ற ஆட்டமுறையையும் விட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்வது. அதைத் தேர்வு என்று சொல்லலாம், சம்மதம் என்று சொல்ல முடியாது.

விதிக்குக் காரணமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பணத்தைப் பார்த்துத் தயாராகாமல் மேலே ஓடும் பல்கலைக்கழகங்களைத் தடுக்க வேண்டும். ஏறிய முதல் ஆண்டில் எல்லோரும் 8–3 என்று முடிப்பதில்லை. சாம் ஹூஸ்டன் 2023இல் 3–9, கெனசா ஸ்டேட் 2024இல் 2–10. ஆனால் இந்தத் தடை அவர்களை எப்படித் தொட்டது? இரண்டே ஆட்டம் வென்ற அணிக்குப் பௌல் ஆட்டம் இல்லை என்று தடுக்க விதி எதற்கு? பலன் கொடுக்க ஒன்றுமில்லாதவனை இந்த விதி சீண்டுவதே இல்லை. நன்றாக ஆடியவனை மட்டும் பிடிக்கிறது. 2014இல் ஜார்ஜியா சதர்ன் சன் பெல்ட்டில் ஒரு தோல்விகூட இல்லாமல் எட்டு ஆட்டங்களையும் வென்று பட்டத்தைப் பெற்ற பிறகும் பௌல் ஆட்டமின்றி வீட்டில் உட்கார்ந்தது. இத்தனைக்கும் 1997இல் மார்ஷல் மேலே ஏறிய அதே ஆண்டில் மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்று மோட்டார் சிட்டி பௌலிலும் ஆடியது. அதனால் கல்லூரிக் கால்பந்து குடிமுழுகிப் போகவில்லை.

2023இல் ஜேம்ஸ் மேடிசன் தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றது. விலக்கு கேட்டார்கள், வர்ஜீனியாவின் தலைமை வழக்குரைஞர் வழக்குத் தொடுப்பேன் என்று கடிதம் எழுதினார், சங்கம் மறுத்துவிட்டது. 11–1 என்று பருவம் முடிந்தபோது வேறொரு சங்கடம் வந்தது: நாட்டில் ஆறு வெற்றி பெற்ற அணிகள் பௌல் இடங்களை நிரப்பப் போதவில்லை. அதனால் கூப்பிட்டார்கள். டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஆர்ம்ட் ஃபோர்சஸ் பௌலில் ஏர் ஃபோர்ஸ் அணியிடம் 21–31 என்று தோற்றது ஜேம்ஸ் மேடிசன். பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி அதற்குள் இண்டியானாவுக்குப் போய்விட்டிருந்தார், வீரர்கள் சிலரும் அவர் பின்னால். தகுதியைக் காட்டிக் கேட்டபோது மறுக்கப்பட்டது, பந்தியில் இலை காலியாக இருந்ததால் கொடுக்கப்பட்டது. 11–1 ஒரு காரணமாக ஏற்கப்படவில்லை, ஆள் குறைந்தது காரணமாக ஏற்கப்பட்டது.

அதே 2023இல் என்.சி.ஏ.ஏ. இன்னொன்றும் செய்தது. மேல்தட்டுக்கு ஏற விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் கட்ட வேண்டிய தொகையை 5,000 டாலரிலிருந்து 50 லட்சம் டாலராக உயர்த்தியது. அநியாயமான ஏற்றம் என்று சிறிய கல்லூரிகள் நினைக்கலாம். என் கண்ணுக்கு இந்த விவகாரம் முழுவதிலும் வினைக்கணக்கு சரியாக எழுதப்பட்ட ஒரே வரி அதுதான். தீர்மானித்தவனிடமே போய்ப் பணம் கேட்கிறது. ஏற ஆசைப்படுகிறவர்களை நிதானிக்கவைக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், அந்தத் தொகையை இன்னும் இரட்டிப்பாக்கட்டும், மைதானத்தையும் கணக்கு வழக்கையும் ஆண்டுதோறும் தணிக்கை செய்யட்டும், தொலைக்காட்சி வருமானத்தின் பங்கை இரண்டு ஆண்டு பிடித்துவைக்கட்டும். 47–7 என்று வென்ற பையன்களை டிசம்பரில் ஆடவிட்டுவிட்டே இதையெல்லாம் செய்யலாம்.