பேத்தை மீனின் சிரிப்பு

பேத்தை மீனுக்குச் சிரித்த முகம். சுழன்று சுழன்று பார்க்கும் உருண்டைக் கண்கள், குவிந்த வாய், அதில் எட்டிப் பார்க்கும் பற்கள். கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நீங்கள் போய் நின்றால், அதுவும் எதிரே வந்து நிற்கும். நீங்கள் நகர்ந்தால் கூடவே நகரும். கிட்டத்தட்ட ஒரு நாய்க்குட்டி.

கடற்கரையில் இதற்கு அவ்வளவு மரியாதை கிடையாது. வலையில் வந்தால் விஷம் என்று ஓரமாக எறிந்துவிடுவார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்ன மீன், மஞ்சளும் பச்சையும் கலந்த முதுகில் கறுப்புப் புள்ளிகளோடு, வண்ணமீன் கடைக்கு வந்ததும் 'பஃபர் ஃபிஷ்' ஆகிவிடுகிறது. பாலித்தீன் பையில் தண்ணீரையும் ஆக்சிஜனையும் அடைத்துக் கையில் கொடுக்கிறார்கள். நாமும் ஆசையாக வாங்கி வருகிறோம்.

இதில் என்ன தத்துவம் இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது.

நண்பர் ஒருவரின் வீட்டில் அப்படி ஒரு மீன். அவருடைய ஏழு வயதுப் பையன், "அங்கிள், இப்பப் பாருங்க... பலூன் ஆயிடும்!" என்று சின்ன வலையைத் தொட்டிக்குள் விட்டு அதைத் துரத்தினான். மூலையில் மாட்டிக்கொண்ட மீன் 'புஸ்'ஸென்று பந்தாக ஊதிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"விருந்தாளிங்க வந்தா இந்த ஷோ கண்டிப்பா உண்டு சார்" என்றார் நண்பர். "அதுக்கும் பழகிடுச்சு."

பழகிடுச்சு... இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் எத்தனை காரியம் செய்கிறோம்!

பேத்தை ஊதிக்கொள்வது விளையாட்டுக்காக அல்ல. ஓடி ஒளிய வழியில்லை என்றானதும், தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கி வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. என்னை உன்னால் விழுங்க முடியாது என்று எதிரிக்குக் காட்டுகிற கடைசி முயற்சி அது. தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிடும். அதைத் திரும்ப வெளியேற்ற முடியாமல் செத்தும் போகலாம். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் இதை வலையில் அள்ள மாட்டார்கள். தண்ணீரோடு சேர்த்து ஒரு கிண்ணத்தில் மொண்டு எடுப்பார்கள்.

இதற்கு என்ன விலை? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு வகைக் கடல் பேத்தையை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஊதியிருக்கும்போது அதற்கு வழக்கத்தைப்போல ஐந்து மடங்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. உடம்பு பழைய நிலைக்குத் திரும்பச் சராசரியாக ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாம் கைதட்டிவிட்டுக் காபி குடித்து, சீரியல் பார்த்து, சாப்பிட்டுப் படுக்கப் போகும்வரை அது தன் பயத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மீனுக்கு என்னங்க தெரியும்? பயம், வலி எல்லாம் நம்ம கற்பனை" என்று சொல்பவர்கள் உண்டு. அதையும் கேட்க வேண்டியதுதான். சீனத்து ஞானி சுவாங் ட்சு ஒருநாள் பாலத்தின் மேல் நண்பரோடு நடந்தபோது, கீழே நீந்தும் மீன்கள் சந்தோஷமாக இருக்கின்றன என்றாராம். நீ மீன் இல்லையே, உனக்கு எப்படித் தெரியும் என்று நண்பர் மடக்கினாராம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓயாத வழக்கு இது.

பிரிட்டனில் 2003-ல் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலம் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைக் கூழாங்கல்லில் போய்த் தேய்த்தன. ரொம்ப நேரம் இரை எடுக்கவில்லை. இது வலிதான் என்று ஒரு கட்சி. அந்த மூளைக்கு வலியை உணரும் அமைப்பே இல்லை என்று எதிர்க்கட்சி. விவாதம் இன்னும் முடியவில்லை.

முடியும்வரை நாம் என்ன செய்வது? என் கணக்கு இதுதான். மீன் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைத்து நான் ஏமாந்தால், கஷ்டப்படப்போவது மீன். அது கஷ்டப்படுகிறது என்று நினைத்து நான் ஏமாந்தால், எனக்கு ஒரு வாளித் தண்ணீரும் அரைமணி நேரமும் நஷ்டம். இரண்டு தவறில் எதைச் செய்யலாம் என்பதற்குத் தத்துவப் பட்டம் தேவையில்லை.

இந்தப் புள்ளிப் பேத்தையின் மரபணுத் தொகுப்பை 2004-லேயே வாசித்து வெளியிட்டுவிட்டார்கள். முதுகெலும்புள்ள பிராணிகளில் மிகச் சிறிய தொகுப்புகளில் ஒன்று. அத்தனை எழுத்தையும் படித்துவிட்டோம், அதன் முகத்தைத்தான் படிக்கத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த முகம் எப்போதும் சிரித்தபடி இருக்கிறது.

ஆனால் முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தால் அது நிறையச் சொல்கிறது. வெள்ளை வயிறு கறுத்துப்போகும். கண்ணாடி ஓரமாகவே மேலும் கீழும் ஓயாமல் நீந்தும். நாம் அதை உற்சாகம் என்போம். வாலை மடித்துக்கொண்டு மூலையில் கிடக்கும். நாம் அதைத் தூக்கம் என்போம்.

இந்த மீனின் சொந்த ஊர், இலங்கையில் தொடங்கிக் கிழக்கே இந்தோனேசியா வரைக்குமான கழிமுகங்களும் அலையாத்திக் காடுகளும். உப்பும் நல்லதண்ணியும் கலக்கிற இடம். நம் வீட்டிலோ குழாய்த் தண்ணீர். உடனே சாகாது, அதுதான் பிரச்னையே. நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கையில், மெல்ல மெல்ல நலிந்துபோகும். வளர வளர அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும். சமையல் உப்பு ஆகாது, கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கிற உப்பு வேண்டும். ஒரு மீனுக்கே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி வேண்டும்.

அப்புறம் பல். நான்கு பற்கள், ஆயுள் முழுக்க வளரும். நத்தை, நண்டுக்கால் என்று ஓடுள்ளதைக் கடித்தால்தான் தேயும். பாவம், கஷ்டப்படாமல் சாப்பிடட்டுமே என்று மெத்தென்ற தீனியாகவே போட்டு வந்தால், ஒருநாள் பல் வளர்ந்து வாயையே அடைத்துவிடும். கண்ணெதிரே சாப்பாடு இருக்கும், சாப்பிட முடியாது. பாசத்தாலேயே பட்டினி போட முடியும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இன்னொன்று, புதுத் தொட்டி. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று மாற்றுகிற நுண்ணுயிர்கள் அதில் பெருக நாலைந்து வாரமாவது ஆகும். நமக்கு அவ்வளவு பொறுமை ஏது? தொட்டி வாங்கிய அன்றைக்கே மீனையும் வாங்கிவிடுகிறோம்.

ஆற்றில் இதற்கெல்லாம் யாரும் பொறுப்பில்லை. கழிவை நீரோட்டம் கொண்டுபோகும், உப்பை அலை கொண்டுவரும். தொட்டியில் நீரோட்டமும் நீங்கள்தான், அலையும் நீங்கள்தான். ஒரு உயிரைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணாடி வைத்த நிமிடத்திலிருந்து, இயற்கை செய்துவந்த வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது. அடைத்து வைத்தவனுக்கு அன்பு மட்டும் இருந்தால் போதாது.

"அவ்வளவு தொல்லைன்னா ஏரியில கொண்டுபோய் விட்டுடலாமே, புண்ணியமாப் போகும்!" அதுவும் முடியாது. வேண்டாம் என்று யாரோ விட்ட சக்கர் மீன்கள் பெருகி, நம் நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. சில காரியங்களைச் செய்துவிட்டால் திருப்ப முடியாது. கூடவே நின்று கடைசிவரை பார்த்துக்கொள்ளத்தான் முடியும். வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பதும் அதனால்தான். வேண்டாம் என்று திரும்பி வருவதும் ஒரு பராமரிப்புதான்.

கிராமத்தில் வாழ்ந்த அம்மாவைக் கூட்டிவந்து நாலாவது மாடி ஃபிளாட்டில் வைத்துக்கொள்கிறோம். ஏ.சி. இருக்கிறது, டி.வி. இருக்கிறது, வேளாவேளைக்கு மாத்திரை. "அம்மாவுக்கு இங்க ஒரு குறையும் இல்ல, பழகிட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் இருக்காங்க" என்கிறோம். வாசல் திண்ணை இல்லை, பேச ஆள் இல்லை. அவர்களுக்குப் பழக்கமான தண்ணீர் இது இல்லை என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. சிரிப்பைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

நல்ல கவனிப்பில் இந்தப் பேத்தை பத்து ஆண்டுகள்கூட வாழும். அத்தனை ஆண்டுகளும் அது ஒருமுறைகூட ஊதிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். வேடிக்கை காட்டச் சொன்னால் அவர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. புள்ளி போட்ட ஒரு மீன் செடிகளுக்கு நடுவே நத்தை தேடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் மீன் வளர்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.