எது நல்ல கார்?

பத்தாந் தர மாணவன் ஒருவனுடைய கணிதக் கொப்பியின் பின்னட்டையில் புகாட்டி வேய்ரோன் என்னும் காரின் படம் வரையப்பட்டிருக்கக் கண்டோம். கணக்குகளில் காணாத கவனம் அப்படத்தில் இருந்தது. கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கேட்டான்: “சேர், இதோட பாக்க உங்கட அல்டோ எத்தினையில ஒரு பங்கு?” வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி எம்மை விடாது வீடுவரை தொடர்ந்து வந்தது.

பங்கு காண்பது எளிது. 2005இல் வெளிவந்த வேய்ரோனுக்குப் பதினாறு சிலிண்டர்கள், எட்டு லீற்றர் எஞ்சின், 1001 பரிவலு, மணிக்கு 407 கிலோமீற்றர் வேகம், விலை பத்து இலட்சம் யூரோவுக்கும் மேல். எமது காருக்கு மூன்று சிலிண்டர்கள். ஒரு லீற்றருக்கும் குறைந்த எஞ்சின். ஐம்பதை எட்டாத பரிவலு. இத்துடன் கணிதம் முடிந்துவிடுகிறது. ஆனால் மாணவன் கேட்டது கணிதமன்று, மதிப்பு. மதிப்பை எந்த அளவுகோலால் அளப்பது?

இந்த நாட்டிலே கார் ஒன்று சாதாரண வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றருக்கும், அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றருக்கும் மேற் செல்லச் சட்டம் இடந்தரவில்லை. குடாநாட்டில் அதிவேக நெடுஞ்சாலையே இல்லை. எஞ்சிய முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் வேகத்தை அதன் உரிமையாளர் எங்கே செலவிடுவார்? செலவிடுவதற்காக அவர் அதனை வாங்கவில்லை என்பதே உண்மை. செலவிடக்கூடியவர் தாம் என்று பிறர் அறிவதற்காக வாங்குகிறார்.

2022இன் எரிபொருள் நெருக்கடியை வாசக நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கியூஆர் அட்டை முறை வந்த தொடக்கத்தில் கார் ஒன்றுக்கு வாரம் இருபது லீற்றர் என்று அரசு வகுத்தது. சிறிய காருக்கும் இருபது; பெரிய காருக்கும் இருபது. எமது சிறு கார் லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடுமென்று கொண்டால், அந்த இருபது லீற்றரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறையக் கொழும்புக்கே போய்விடலாம். வேய்ரோன் தன் முழு வேகத்தில் ஓடினால் நூறு லீற்றர் தாங்கியைப் பன்னிரண்டு நிமிடத்தில் வெறுமையாக்கிவிடும் என்பர். அதன்படி இருபது லீற்றர் இரண்டரை நிமிடத்துக்கும் போதாது.

இதனிலும் கடுமையான சோதனை ஒன்று எம் மண்ணிலேயே நிகழ்ந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. நாம் கைக்குழந்தையாயிருந்த காலம். மூத்தோர் சொல்லக் கேட்டதையே எழுதுகிறோம். அவ்வேளை வீதியில் ஓடியவை பழைய ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களுமே. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை முடுக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். அமுக்க விகிதம் குறைந்த அப்பழைய எஞ்சின்கள், கரும்புகையைக் கக்கியபடியேனும், மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. அமுக்கம் மிகுந்த எஞ்சினாயின் இடித்துத் தடுமாறி நின்றுவிடும். உதிரிப்பாகம் வேண்டுமாயின் ஊர்ப் பட்டறையில் கடைந்தெடுத்தனர். பிரசவ வேதனைப்பட்ட பெண்ணும், மாப்பிள்ளையும், சிலவேளை சவமும் அதே காரிற் போயின. பகட்டு யாவும் உதிர்ந்து தேவை மாத்திரம் எஞ்சிய அந்நாளில் எது நல்ல கார் என்ற கேள்விக்கு வீதியே மறுமொழி கூறியது.

இங்கே நண்பர் ஒருவர் எம்மை மறிக்கிறார். அவரும் ஆசிரியர், பௌதிகம் கற்பிப்பவர். “தேவையை மாத்திரம் அளவுகோலாக்கினால் கலை எங்கே? கவிதை எங்கே? ஆயிரம் பரிவலுவை நான்கு சில்லுகளில் அடக்கியது மனித அறிவின் வெற்றியல்லவா? நல்லூர்த் தேர் யாருடைய தேவைக்காக ஓடுகிறது?” என்று அவர் கேட்டார்.

வாதம் வலியது, ஒதுக்கிவிட முடியாது. தேர் எந்தக் காரிலும் பார்க்க ஆடம்பரமானது. நடந்து செல்பவனிலும் மெதுவாகச் செல்வது. ஆண்டுக்கொரு நாள் ஓடிவிட்டுக் கொட்டகைக்குட் போய்விடுவது. எனினும் அதன் வடத்தில் ஆயிரம் கைகள் படலாம். ஒரு கை கூடினால் மற்றைக் கையின் மகிழ்ச்சி குன்றுவதில்லை. ஆடம்பரம் ஊர்ப் பொதுவாகும்போது அது விழாவாகிறது. இப்படி எழுதும்போதே பேனா தயங்குகிறது. எல்லாக் கைகளுமா பட்டன? தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்வதற்காக 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே போராட வேண்டியிருந்ததே! வடத்தைத் தொட்ட கையின் பெருமை, தொடக்கூடாத கை ஒன்று அப்பால் நின்றதனாலும் பிறந்தது. ஆகவே குற்றம் அழகிலும் இல்லை, விலையிலும் இல்லை. பிறருக்கு இல்லாமையே தன் மதிப்பாகக் கொண்ட பொருளில் இருக்கிறது. வேய்ரோனை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். மறுநாளே அதன் உரிமையாளர் வேறொன்றைத் தேடிப் போவார்.

அப்படியானால் மலிந்த கார் குற்றமற்றதா? டாட்டா நிறுவனம் 2008 ஜனவரியில் நனோ காரை உலகுக்குக் காட்டியது. விலை ஓர் இலட்சம் இந்திய ரூபா என்றது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்து சென்ற குடும்பத்தைக் கண்ட இரக்கமே அதன் மூலம் என்றார் ரத்தன் டாட்டா. இரக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அக்காருக்கென மேற்கு வங்கத்துச் சிங்கூரில் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டபோது, விருப்பமின்றி நிலமிழந்த உழவர்களை எந்தக் கார் ஏற்றிச் சென்றது? எடுத்தது இடதுசாரி அரசு என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் மறைக்கலாகாது. எதிர்ப்பு வலுத்தது, 2008 ஒக்டோபரில் ஆலை குஜராத்துக்குப் போயிற்று, 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அதே 2008இல்தான் அதே நிறுவனம் ஜகுவாரையும் லாண்ட் றோவரையும் வாங்கியது. ஏழைக்கொரு கார், செல்வனுக்கொரு கார். இலாபம் சேருமிடம் ஒன்று.

ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் கார்களைச் செய்யவல்ல ஆலை எழுந்தும் நனோ எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2018இல் உற்பத்தி ஏறத்தாழ நின்றுபோயிற்று. தொடக்கத்திற் சில கார்கள் தீப்பற்றியது ஒரு காரணம். உலகிலேயே மலிந்த கார் என்ற பெயர் இன்னொரு காரணம். அவ்வாறு விளம்பரம் செய்தது தவறென்று ரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார். “ஏழையின் கார்” என்று அயலார் சொல்வார்களே என அஞ்சி, ஏழையல்லாதவனாகத் தோன்ற விரும்பிய நடுத்தர மனிதன் அதனை விலக்கினான். கோடீசுவரனின் நோய் எம்மையும் தொற்றியிருக்கிறது. எம்மவர் சீதனப் பேச்சில் கார் எந்த இடத்தில் வருகிறதென்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் அடுத்த வாரம் மாணவனுக்குச் சுருக்கிச் சொன்னோம். பிறர் பெற்றாலும் மதிப்புக் குறையாதது நல்ல பண்டம் என்றோம். அவன் சிறிது யோசித்தான். நாள்தோறும் ஐந்து கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருபவன் அவன். “அப்ப என்ர சைக்கிளோட பாக்க உங்கட கார் எந்தப் பக்கம், சேர்?”

இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை. குடாநாட்டிலே எல்லோரும் சைக்கிளிற் போனால் வீதிக்கு ஒன்றும் நேராது. ஒரு காலத்தில் அப்படித்தான் போனார்கள். எல்லோரும் அல்டோவிற் போனால் கஸ்தூரியார் வீதியில் ஒருவரும் அசைய முடியாது. எமது வசதியும் பலருக்கு அது இல்லாமையினாலேதான் வசதியாயிருக்கிறது. மாலையில் எம் ஊருக்குப் பஸ் இல்லை, தாயாரை மாதந்தோறும் கிளினிக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அவனிடம் சொன்னோம். இரண்டும் மெய்யே. 2020இல் தொடங்கிய இறக்குமதித் தடையால் பழைய கார்களின் விலை ஏறியிருந்த நாளில், புதிதாக வந்தபோதிருந்த விலையிலும் கூடுதலாகக் கொடுத்து அக்காரை வாங்கினோம். வாங்கிய முதற் கிழமையில் தேவையின்றியே அதனை மைத்துனர் வீட்டுப் படலைவரை ஓட்டிச்சென்று நிறுத்தினோம். அதனை மாத்திரம் அவனிடம் சொல்லவில்லை. லீசிங் பணம் இன்னும் பதினான்கு மாதம் கட்டவேண்டியிருக்கிறது.