அடிக்கட்டை

ஆற்றங்கரையில் உட்கார்ந்து வாட்டர்கலர் தீட்டும்போது நான் ஒரு கள்ளத்தனம் செய்வேன். நாணல் வரும், கொக்கு வரும், மின்கம்பம் மட்டும் வராது. போன மாதம் பேத்தி கேட்டாள்: “தாத்தா, கரன்ட் கம்பம் எங்கே?”

“அது இயற்கை இல்லையேம்மா.”

சொன்ன பிறகு எனக்கே அது பதிலாகப் படவில்லை.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் இன்னஸ் 1856 வாக்கில் வரைந்த ‘லாக்கவானா பள்ளத்தாக்கு’ படத்தின் அச்சுப்பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஊர். ரயில் கம்பெனியே 75 டாலர் கொடுத்து வரையச் சொன்னது. ரயில் வருகிறது, தூரத்தில் வட்டமான எஞ்சின் கொட்டகை, புகை மலைப்பனியோடு கலந்து எது எதுவென்று தெரியவில்லை. முன்னால் சரிவு முழுக்க வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள். நடுவில் ஒருவன் புல்லில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறான், நமக்கு முதுகைக் காட்டியபடி. இது கொண்டாட்டமா, ஒப்பாரியா என்று விமர்சகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் தெரியவில்லை. ரயில்மேல் விழும் அதே வெயில்தான் கட்டைகள்மேலும் விழுகிறது.

சைவம் இறைவனுக்கே ஐந்து தொழில் சொல்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் படைத்தலும் அழித்தலும் அந்தச் சரிவிலேயே இருக்கின்றன. மறைத்தலைப் புகை செய்கிறது. காத்தலைத் தேடினேன், இடப்பக்கம் வெட்டாமல் விட்ட ஒற்றை நெடுமரம் அகப்பட்டது. அருளல் அகப்படவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: இறைவன் தொழில் உயிர்களுக்காக, தனக்கென்று அதில் ஆதாயம் இல்லை என்கிறது சித்தாந்தம். கம்பெனிக்கு ஆதாயம் உண்டு. இதை மறந்தால் ஐந்தொழிலைச் சொல்லியே எந்தப் புகைபோக்கிக்கும் தீபாராதனை காட்டிவிடலாம்.

இன்னஸ் பிற்காலத்தில் ஸ்வீடன்போர்க் என்ற மறைஞானியின் வழிவந்த சமயத்தில் இறங்கினார். காணும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஆன்ம உலகில் ஓர் இணை உண்டு என்பது அந்தச் சமயத்தாரின் கொள்கை. அடிக்கட்டைக்கு இணை என்ன என்று அவரிடம் கேட்டிருக்கலாம். வயதான காலத்தில் இதே படத்தை மெக்சிகோ சிட்டியில் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து, அவரே வாங்கினாராம். இப்போது வாஷிங்டனில், தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

போன வாரம் கம்பத்தையும் வரைவதென்று உட்கார்ந்தேன். கம்பி போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தபோதுதான் உறைத்தது: அதற்கு வழிவிட ஒரு புங்கமரத்தை வெட்டியிருக்கிறார்கள். அதன் அடிக்கட்டைமேல்தான் இத்தனை வருடமும் என் பெயின்ட் டப்பாவை வைத்திருக்கிறேன்.