கைநாட்டும் சம்மதமும்

பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் மேட்டில் பலாவும் முந்திரியும் வைத்து ஜீவித்த ஒரு தலைமுறை இன்று முதுமையை எய்தியிருக்க, அவர்களுடைய மக்களில் பலர் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் உத்தியோகம் தேடிக்கொண்டுவிட்டனர். இந்நிலையில், பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே தோப்பை விற்றுத் தரும்படி பிள்ளைகள் கேட்பது தர்மமாகுமா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது.

பிள்ளைகள் பக்கத்து நியாயம் அலட்சியம் செய்யத் தக்கதன்று. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் கரையைக் கடந்த தானே புயல், பாட்டன் வைத்த மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. மறுபடி கன்று வைத்தால், ஒட்டு முந்திரி மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கலாமாயினும், விதைப் பலா அதனினும் நெடுங்காலம் காக்க வைக்கும். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்காதிருக்கக் கையில் சாம்பல் பூசிக்கொண்டு, அப்படியும் கறுத்துப்போன விரல்களோடு கொட்டை உடைக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த ஒருவன், தன் சந்ததிக்கு அந்தப் பிழைப்பு வேண்டாமென்று எண்ணுவானாயின், அதைப் பாவமென்று சொல்வது அநீதியாகும்.

மூத்தோர் இளையோர்பொருட்டு விட்டுக்கொடுப்பதும் இம்மண்ணுக்குப் புதிதன்று. பெற்றோரை இழந்து, மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரையும் போரில் இழந்து, உயிர் துறக்கத் துணிந்த திலகவதியார், தம்பி மருள்நீக்கியாருக்காகவே உயிர் தரித்திருந்தாரென்றும், பின்பு பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் திருத்தொண்டு செய்து வாழ்ந்தாரென்றும் பெரியபுராணம் கூறுகிறது. ஆனால், அந்தத் தியாகத்தை அவரே உவந்து செய்தார். அவரிடமிருந்து அதை எவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மகன் மாதந்தோறும் அனுப்பும் பணத்தையே நம்பியிருக்கும் ஒரு தாய், பத்திரப்பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைக்கும்போது, அவளை வைக்கச் செய்தது சம்மதமா, பயமா என்பதைச் சார்பதிவாளர் அறியமாட்டார், மகன் அறிவான். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு சொத்தைப் பெற்றுக்கொண்டவர் அதை நிறைவேற்றத் தவறினால், அந்தச் சொத்து மாற்றம் செல்லாதென்று தீர்ப்பாயம் அறிவிக்க இடம் தருகிறது. எனினும், கைவிடப்பட்ட பிறகு முறையிடுவோருக்கே அது துணை. விற்பனைக்கு முன்னால், வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சில் நியாயம் காப்பது பிள்ளைகளின் மனச்சாட்சி ஒன்றே.

ஆகவே, தோப்பை விற்கலாமா என்று கேட்பதில் குற்றமில்லை. பெற்றோர் மறுத்தாலும் அடுத்த மாதப் பணம் தவறாது வரும், போக்குவரத்தும் குறையாது என்று முன்னதாகவே உறுதி சொல்லிவிட்டுக் கேட்பதே முறை. மறுக்கும் சுதந்திரம் இருப்பவர் தரும் சம்மதமே சம்மதம். அச்சுதந்திரமில்லாதவரிடம் பெற்ற கைநாட்டு, பத்திரத்திற்குப் போதுமானதாயினும் தர்மத்திற்குப் போதாது.