அயல்நாட்டுப் பாம்பும் நம்மூர்ப் பாம்பும்

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பும் புத்திமதிகளில் வாடகை, வேலை, குளிர் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பாம்பும் சிலந்தியும் வந்துவிடுகின்றன. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் தமிழ்க் குடும்பங்களிலும் இதே பேச்சுதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் எழுந்த இந்தச் சந்தை, வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களின் உழைப்பில் தழைத்தது. அப்படி வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் போகிறார்கள். ஷூவை உதறிவிட்டுப் போடு, புல்வெளியில் வெறுங்காலோடு நடக்காதே என்ற அறிவுரையில் அக்கறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் இருக்கும் கணக்கு தலைகீழானது. ஒரு நாட்டில் மனிதர் பிழைப்பதையும் சாவதையும் அங்குள்ள உயிரினத்தின் நஞ்சு தீர்மானிப்பது குறைவு. அதோடு சேர்ந்து வாழ அந்த நாடு செய்து வைத்திருக்கும் ஏற்பாடே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2000 முதல் 2013 வரையிலான பதிவுகளை மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். அத்தனை ஆண்டுகளில் பாம்பு கடித்து இறந்தவர்கள் 27 பேர். தேனீ, குளவி கொட்டி இறந்தவர்களும் 27 பேர். சிலந்தி கடித்து ஒருவர்கூட இறக்கவில்லை. அதே காலத்தில் குதிரைகளால் இறந்தவர்கள் 74 பேர். இந்தியாவிலோ 2000-க்கும் 2019-க்கும் இடையே சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடிக்குப் பலியானதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். நம் மக்கள்தொகை பெரிது, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயமே. தலைக்கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இங்கே கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 40-க்கு மேல். அங்கே ஏறக்குறைய 1. அந்த நாட்டுப் பாம்புகள் சாது என்பதும் காரணமில்லை. உலகிலேயே கொடிய நஞ்சு உள்நாட்டுத் தைப்பானுக்குத்தான் என்கிறார்கள். எலிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்துக் கண்ட அளவு அது. மனிதர் கண்ணில் அரிதாகவே படும் அந்தப் பாம்பைவிட, வீட்டுக் கொல்லையில் எலியைத் தேடி வரும் நம் கண்ணாடி விரியன் எத்தனையோ மடங்கு உயிர்களைக் குடிக்கிறது.

சிட்னிப் பகுதியில் வாழும் புனல்வலைச் சிலந்தியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1927 முதல் அது கடித்து 13 பேர் இறந்ததாகப் பதிவு உண்டு. 1981-இல் ஆய்வாளர் ஸ்ட்ரூவன் சதர்லாண்டின் குழு நச்சுமுறி மருந்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் ஒரு சாவும் இல்லை. சிலந்தி மாறவில்லை, அதன் பல்லும் மாறவில்லை. அந்த மருந்துக்கு நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வீட்டில் சிலந்தியைக் கண்டவர்கள் அதை நசுக்காமல், கண்ணாடி ஜாடிக்குள் மெதுவாகத் தள்ளி மூடி, ஈரமண்ணோ நனைந்த பஞ்சோ உள்ளே வைத்து, குறித்த இடங்களில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவில் அவற்றின் பல்நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நஞ்சை உறிஞ்சி எடுக்கிறார்கள். தனக்கு வேண்டிய மருந்தை ஊரே சேர்ந்து திரட்டுகிறது. நமக்கும் இதற்கு இணையான ஒன்று உண்டு: மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சு எடுத்துத் தருகிறது. ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்கும் கடிபடும் இடத்துக்கும் இடையே நம் நாட்டில் தூரம் அதிகம். மழைக்காலத்து இரவில் தரையில் படுத்து உறங்குபவரைக் கட்டுவிரியன் தீண்டுகிறது. வலி அதிகம் தெரியாததால் விடியும்வரை யாரும் அசைவதில்லை. அதன்பிறகும் மந்திரிப்பவரைத் தேடிப் போய்விட்டு வந்தால் நேரம் கடந்துவிடுகிறது.

பயம் இருப்பதும் நல்லதுதானே, பயந்தவன்தானே கவனமாக இருப்பான் என்று கேட்கலாம். முதலையும் பெட்டி ஜெல்லிமீனும் உள்ள வட குயின்ஸ்லாந்துக் கரையில் அது உண்மைதான். எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தும் தண்ணீரில் இறங்குவது அசட்டுத் துணிச்சல். ஆனால் பயம் தவறான பக்கம் திரும்பிக்கொள்ளும். புதிதாக வந்தவர் புல்லைப் பார்த்துப் பார்த்துக் காலை வைப்பார்; கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டத்தை அறியாமல் அலையில் இறங்குவார். சுறாவைவிட அந்த நீரோட்டத்துக்குத்தான் அங்கே அதிகம் பேர் பலியாகிறார்கள். இன்னொன்று, பழைய ஊரின் அறிவு புதிய ஊரில் அப்படியே செல்லாது. பாம்பு கடித்த கை, கால் முழுக்க அழுத்திக் கட்டுப்போடுவது ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கு ஏற்ற முதலுதவி. விரியன்கள் நிறைந்த இந்தியாவில் இறுக்கிக் கட்ட வேண்டாம், எலும்பு முறிந்த கையைப் போல அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆகவே புதியவர் சுமந்து போக வேண்டியது அச்சத்தையல்ல. அங்கே நெடுநாள் வாழ்பவர்களிடம் கேட்டறியும் பணிவை.

இந்தப் பணிவை நம் ஊருக்கு வருகிறவர்களுக்கும் எளிதாக்கித் தரும் கடமை நமக்கு உண்டு. சாலைக் கடைத்தெருவின் கடைகளிலும் ஓட்டல்களிலும் இன்று வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் கேரளம்தான் தூர தேசம். நாகமும் கட்டுவிரியனும் அவர்கள் ஊரிலும் உண்டு. ஆனால் ரப்பர்த் தோட்டத்துச் சருகில் சருகாகக் கிடக்கும் முழமூக்கன் என்ற விரியன் அவர்களுக்குப் புதிது. சிறுநீரகத்தைக்கூடக் கெடுக்கக்கூடிய அதன் கடிக்கு, இங்கே புழக்கத்தில் உள்ள நச்சுமுறி மருந்து வேலை செய்வதில்லை. அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே தயாராகிறது. கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் அழைத்தால், பயிற்சியும் அனுமதியும் பெற்றவர் வந்து பாம்பைப் பிடித்துக் காட்டில் விடுகிறார். இது நல்ல ஏற்பாடு. கிட்டங்கியின் பின்கட்டில் சாக்கு விரித்துப் படுக்கும் அசாம் இளைஞனுக்கு அந்தச் செயலியையும், 108 என்ற எண்ணையும், மெடிக்கல் காலேஜுக்குப் போகும் வழியையும் அவன் மொழியில் யார் சொல்லிக் கொடுப்பது? அவனை வேலைக்கு வைத்திருப்பவர், முதல் நாளே, ஒரு கட்டிலும் கொசுவலையும் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும்.