கை நடுங்கலாம், உன் அளவீடு நடுங்கக் கூடாது!

வேதியியல் செய்முறைத் தேர்வு என்றதும் வயிற்றைக் கலக்குகிறதா? பியூரெட்டைத் தொட்டதும் விரல் நடுங்குகிறதா? பிளஸ் டூ படிக்கும் தம்பியே, தங்கையே, கேள்! நீ யார் வீட்டுப் பிள்ளை என்று ஆய்வகம் கேட்காது. தமிழ் வழியா, ஆங்கில வழியா என்றும் கேட்காது. ஒழுங்காகச் செய்தாயா என்று மட்டுமே கேட்கும். உன்னால் முடியும்!

முதலில் திட்டக் கரைசல். 0.1 நார்மாலிட்டி ஆக்சாலிக் அமிலம் 250 மில்லி வேண்டும். படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான நிறை 63. ஆகவே 1.575 கிராம் எடு. குத்துமதிப்பாக அள்ளிப் போடாதே; தராசில் நிறு. புனல் வழியே திட்டக்குடுவையில் இடு. புனலில் ஒட்டிய துகளையும் வாலை வடிநீரால் கழுவி உள்ளே சேர். கொஞ்சம் நீரில் முழுதும் கரைந்த பிறகே கோடு வரை நிரப்பு; கடைசி நீரைச் சொட்டுச் சொட்டாக விடு. கோட்டைத் தாண்டிவிட்டதா? மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துச் சமாளிக்காதே, அதோடு அமிலமும் வந்துவிடும். கொட்டு! மறுபடி தொடங்கு! மறுபடி தொடங்கத் துணிந்தவரைத் தேர்வு என்ன செய்துவிடும்?

சோடியம் ஹைட்ராக்சைடைப் பார். தோலைப் பொசுக்கும் வலிய காரம். ஆனாலும் அதை நிறுத்துப் போட்டுத் திட்டக் கரைசல் செய்ய முடியாது. காற்றில் வைத்தால் ஈரத்தை இழுக்கும், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும், எடை மாறிக்கொண்டே போகும். ஆக்சாலிக் அமிலமோ அதைவிட வலிமை குறைந்தது. ஆனால் தூய படிகமாகக் கிடைக்கும். நிறுத்த எடை நிலைத்து நிற்கும். அந்த முரட்டுக் காரத்தின் செறிவு என்ன என்று தீர்ப்புச் சொல்வது இந்த அமிலம்தான்! மாறாமல் நிற்பதே அளவுகோலுக்குத் தகுதி. நீயும் அப்படி நில்! சுற்றி நிற்பவர் பேச்சை உறிஞ்சி எடை மாறாதே!

இனி தரம் பார்த்தல். பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் காரத்தாலேயே அலசு. பிப்பெட்டை அமிலத்தால் அலசு. கூம்புக் குடுவையை நீரால் மட்டும் அலசு. பியூரெட் முனையில் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. பிப்பெட்டில் வாய் வைக்காதே, ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. ரப்பர் குமிழைப் பயன்படுத்து. குடுவையில் 20 மில்லி அமிலம், ஓரிரு சொட்டு பினாப்தலீன். காரத்தை விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்று. விழுந்த இடத்தில் சிவப்பு தோன்றி மறையும். மறையத் தாமதித்தால் வேகத்தைக் குறை. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிதான், அந்த ஒற்றைச் சொட்டில் கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாகும். அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவுநிலை. அடர்சிவப்பு வந்தால் தாண்டிவிட்டாய். கண்ணை நேர்மட்டத்தில் வைத்து, கரைசலின் வளைந்த பரப்பின் அடியைப் படி.

ஒருமுறை வந்த எண்ணை நம்பாதே. ஒத்த அளவீடுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய். 19.6 வந்து, மறுபடியும் 19.6 வந்தால், 20 பெருக்கல் 0.1 வகுத்தல் 19.6. காரத்தின் நார்மாலிட்டி 0.102! பக்கத்து மேசைக்காரர் 20.3 எழுதியிருந்தாலும் உன் எண்ணை அழிக்காதே. அவருக்குத் தந்த கரைசல் வேறாக இருக்கலாம். திரும்பத் திரும்பச் செய்து நீ கண்ட எண்ணுக்கு நீயே சாட்சி. தன்னம்பிக்கை என்பது அதுதான். வெறும் வீராப்பு அல்ல!

பார்த்து எழுதும் பழக்கத்தை இன்றே விடு. நாளை காலை ஆய்வகத்துக்குப் போ. நீயே நிறு, நீயே கரை, நீயே படி. உன் கையால் வந்த எண்ணை எழுதி, அதன் அடியில் தலைநிமிர்ந்து கையெழுத்திடு!