கடிகாரம் சொன்ன கணக்கு

ஓடிவிட்டு வந்தேன். 400 கலோரி செலவு என்றது கைக்கடிகாரம். அந்தத் தைரியத்தில் இன்னொரு வடை கேட்டேன்.

"போன மாதமும் இதே கணக்குத்தான் சொன்னீர்கள். சர்க்கரை குறையக் காணோமே!" என்றாள் மனைவி.

கடிகாரம் பார்ப்பது நாடித் துடிப்பை. கலோரி என்பதோ துடிப்பு, வயது, எடை இவற்றை வைத்துப் போடும் அனுமானம். 2017-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 7 கருவிகளைச் சோதித்தார்கள். 6 கருவிகள் துடிப்பை 5 சதவிகிதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் மட்டும், இருப்பதற்குள் நல்லதே சராசரி 27 சதவிகிதம் தவறியது!

இதைப் படித்த பின்பும் அந்த எண்ணைக் காட்டி வடை கேட்கிறேனே, நான் ஏமாறுகிறவனா, ஏமாற்றுகிறவனா? குறைத்துச் சொல்லியிருந்தால் என்றைக்கோ கழற்றி எறிந்திருப்பேன். கூட்டிச் சொல்வதால் அல்லவா கையில் கிடக்கிறது!

மனைவி வடையைத் தட்டில் வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போனாள்.